பழைய தமிழ்க் கோப்புகளும் யூனிகோடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்ச் சங்க மலர், பள்ளி ஆண்டு மலர், அப்பா எழுதிவைத்த சிறுகதைகள், கோயில் தலவரலாறு என்று 1990-களிலும் 2000-களிலும் கணினியில் தட்டச்சான தமிழ் ஏராளம். அவற்றை இன்றைய கணினியில் திறக்க முடியவில்லை என்று உதவி கேட்டு வருபவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், போகப் போகச் சிக்கலானவை. பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைச் சுட்டும் என்பதால் எண் போட்டிருக்கிறேன்.

1. பழைய ஃபைலைத் திறந்தா தமிழுக்குப் பதிலா இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கமாவுமா வருது. ஃபைல் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. அந்தக் கோப்புக்குள் முதல் நாளிலிருந்தே இருந்தது அந்த ஆங்கில எழுத்துகள்தான். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்த கோப்பை எடுத்துக்கொள்வோம். அதற்குள் பதிவாகியிருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். பாமினியில் ஜே எழுத்தின் இடத்தில் 'த' வடிவமும், கே-யின் இடத்தில் 'ம' வடிவமும், பி-யின் இடத்தில் இகரக் கொக்கியும், ஓ-வின் இடத்தில் 'ழ' வடிவமும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளியும் வரைந்து வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை திரையில் 'தமிழ்' தெரியும். அது இல்லாத கணினிக்குப் போனால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிறது.

ஏன் குறிப்பாக ஜே? தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகியவரின் விரல் 'த'வுக்குப் போகும் இடம் அதுதான். இடக்கைக்கு ய, ள, ன, க, ப என்றும் வலக்கைக்கு த, ம, ட என்றும் பயிற்சி நிலையத்தில் பாடம் படித்தவர்கள், எதையும் புதிதாகக் கற்காமல் கணினியில் உட்கார்ந்து அடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. அந்தக் காலத்துக்கு அது பெரிய உதவி.

2. லதாவும் ஃபாண்ட்டுதான், பாமினியும் ஃபாண்ட்டுதான். பிறகு யூனிகோடுன்னு தனியா ஏன் சொல்றீங்க?

எழுத்துரு என்பது வடிவம். குறியாக்கம் என்பது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற உடன்பாடு. யூனிகோடு இரண்டாவது வகை. அதில் 'த'வுக்கென்று ஓர் எண் உண்டு. உலகில் வேறெந்த எழுத்துக்கும் அந்த எண் கிடையாது. லதா, விஜயா, நோட்டோ என எந்த எழுத்துருவைப் போட்டாலும் அந்த எண் 'த' ஆகவேதான் தெரியும். எழுத்துருவே இல்லாவிட்டால் கட்டம் தெரியுமே தவிர, ஒருபோதும் ஜே ஆகிவிடாது.

பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்றவற்றில் குறியாக்கமும் எழுத்துருவும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. எழுத்துருவின் பெயர் தொலைந்தால் பொருளும் தொலைந்தது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பழைய கோப்பை மாற்றும்வரை, அது எந்த எழுத்துருவில் அடித்தது என்ற குறிப்பைக் கோப்போடு சேர்த்தே பாதுகாக்க வேண்டும்.

3. ஆரம்பத்திலேயே எல்லாரும் ஒரே மாதிரி செஞ்சிருக்கலாமே? ஏன் இத்தனை விதம்?

இடப் பற்றாக்குறைதான் முதல் காரணம். 1963-இல் அமெரிக்காவில் வந்த ஆஸ்கி தரத்தில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள், கட்டளைகள் எல்லாம் அதற்குள் அடக்கம். பிறகு ஒரு பிட் கூட்டி 256 ஆக்கினார்கள். ஆங்கிலத்தைத் தொடாமல் தமிழுக்கு எடுக்கக்கூடியது மேல் பாதியில் உள்ள 128 இடங்கள், அதிலும் சில இடங்களை இயங்குதளம் விடாது. தமிழிலோ 247 எழுத்துகள், அதோடு கிரந்தம். முழு எழுத்துகளாக வைக்க வழியே இல்லை. ஆனால் கொம்பு, கால், கொக்கி என்று துண்டுகளாக உடைத்தால் அடங்கிவிடும். எப்படி உடைப்பது, எந்தத் துண்டை எங்கே வைப்பது என்பதை அவரவர் தீர்மானித்தார்கள்.

அவரவர் என்பவர்கள் உலகெங்கும் பரவியிருந்தார்கள். கனடாவில் முனைவர் ஸ்ரீனிவாசன் 'ஆதமி' செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களிலேயே 'முரசு' மென்பொருளைத் தொடங்கிவிட்டார். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாகவே கொடுத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்றின் தமிழ்ப் பக்கங்கள் இணையத்தில் ஏறியதும் அவர் உழைப்பால்தான். சென்னையில் அச்சுத் தொழிலுக்காக நிறுவனங்கள் தனித்தனியே எழுத்துருக்களை விற்றன. இவர்களில் பலர் சொந்த நேரத்தையும் பணத்தையும் செலவழித்துத் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள். அவர்கள் குழப்பியதாகச் சிலர் பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பொதுத்தரம் வரட்டும் என்று அவர்கள் காத்திருந்தால், அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழில் எதுவுமே எழுதப்பட்டிருக்காது.

4. இவங்க எல்லாரும் ஒரு தடவை உட்கார்ந்து பேசவே இல்லையா?

பேசினார்கள். 1997-இல் சிங்கப்பூரில் ஒரு மாநாடு நடந்தது. அதைச் சுற்றிய ஆண்டுகளில் மின்னஞ்சல் வழியாகவே பல நாட்டுத் தமிழர்கள் விவாதித்து 'திஸ்கி' என்ற குறியாக்கத்தை உருவாக்கினார்கள். ஆஸ்கியின் கீழ்ப் பாதி அப்படியே ஆங்கிலத்துக்கு, மேல் பாதி தமிழுக்கு. ஆகவே ஒரே எழுத்துருவில் இரண்டு மொழியும் எழுதலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதல் பாரதி வரை எத்தனையோ நூல்களை மின்னூலாக்கி, திஸ்கியில் பரப்பியது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நாடு அரசு 'தமிழ்நெட் 99' மாநாட்டைக் கூட்டியது. அதன் பலனாக மூன்று வந்தன: தமிழ்99 விசைப்பலகை, தமிழ் மட்டும் உள்ள ஆவணங்களுக்கான 'டாம்' குறியாக்கம், தமிழும் ஆங்கிலமும் கலந்தவற்றுக்கான 'டாப்' குறியாக்கம். ஆக, ஒன்றாக்கப் புறப்பட்ட முயற்சிகள் முடிந்தபோது திஸ்கி ஒரு பக்கமும் டாம், டாப் மறுபக்கமுமாக நின்றன, பழைய எழுத்துருக்களும் போகவில்லை. 2000-இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. அதற்குள் யூனிகோடு வாசலுக்கு வந்துவிட்டது.

5. நான் தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் ரெண்டும் பாஸ். யூனிகோடுக்கு மாறினா தமிழ்99 கத்துக்கணுமா?

வேண்டாம். விசைப்பலகை வேறு, குறியாக்கம் வேறு. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற மென்பொருள்களில் பழைய தட்டச்சு அமைப்பைத் தேர்ந்தெடுத்து, யூனிகோடிலேயே அடிக்கலாம். இலங்கையில் ரெங்கநாதன் அமைப்பு, ஒலிப்பு முறையில் அஞ்சல் என்று எதில் பழகியிருந்தாலும் வெளியே வருவது ஒரே யூனிகோடுதான்.

ஆனால் புதிதாகக் கற்பவர்களிடம் நான் தமிழ்99-ஐத்தான் சொல்வேன். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில். 'க'வை இருமுறை தட்டினால் 'க்க' என்று புள்ளி தானே விழும். 'ங'வுக்கு அடுத்து 'க' தட்டினால் 'ங்க'. 'அம்மா', 'தங்கம்', 'பக்கம்' என்று நம் சொற்களில் இரட்டித்தும் இனமெய்யோடும் வரும் எழுத்துகள் எவ்வளவு என்று பார்த்தால், மிச்சமாகும் தட்டல்கள் புரியும்.

6. யூனிகோடு எப்போ வந்தது? வந்த அன்னைக்கே மாறியிருந்தா இந்தத் தொல்லையே இல்லையே?

முதல் பதிப்பு 1991-இல் வந்தது, அதிலேயே தமிழ் இருந்தது. ஆனால் எழுத்துக்கு எண் கொடுத்தால் மட்டும் போதாது. அந்த எண்களை எடுத்துக் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும்படி திரையில் வரைய இயங்குதளத்துக்குத் தெரிய வேண்டும் (எப்படி என்பது அடுத்த பதிலில்). விண்டோஸில் அது தமிழுக்குக் கிடைத்தது விண்டோஸ் 2000-இல், லதா எழுத்துருவோடு. நம் வீடுகளிலும் நெட் சென்டர்களிலும் அப்போது ஓடிக்கொண்டிருந்ததோ விண்டோஸ் 98. அதற்குப் பின் வந்த எக்ஸ்பி-யிலும் தமிழ் தானாக வேலை செய்யாது. கண்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் டிக் அடித்தால், விண்டோஸ் சிடியைப் போடச் சொல்லும். சிடி இல்லாத வீடு அத்தோடு சரி.

இடைப்பட்ட காலத்தில் தமிழ்ச் செய்தித் தளம் ஒவ்வொன்றையும் படிக்க அதனதன் எழுத்துருவைத் தரவிறக்க வேண்டியிருந்தது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா யூனிகோடில் தொடங்கியது. வலைப்பதிவு எழுதியவர்களும் அந்த ஆண்டுகளில் மாறினார்கள். பத்திரிகைகளும் அலுவலகங்களும் பின்னால்தான் வந்தன.

7. 'கொ' அடிச்சா கொம்பு தனியா, கால் தனியா நிக்குது. நடுவுல புள்ளி வட்டம் வேற. ஏன்?

யூனிகோடு நாம் உச்சரிக்கும் முறைப்படி சேமிக்கிறது: முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. காகிதத்தில் கொம்பு 'க'வுக்கு முன்னால் வரும், கால் பின்னால் வரும். சேமித்த வரிசையைப் பார்த்துக் கொம்பை இடப்பக்கம் நகர்த்தி வைக்கும் வேலையை ஒரு தனி மென்பொருள் செய்கிறது. விண்டோஸில் யூனிஸ்கிரைப், ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் ஹார்ஃப்பஸ். ஒரு செயலி இதைப் பயன்படுத்தாவிட்டால் எழுத்து சிதறும். ஆரம்ப கால ஆண்ட்ராய்டு போன்களில் அப்படித்தான் தெரிந்தது.

புள்ளி வட்டம் ஓர் எச்சரிக்கை. ஒட்டிக்கொள்ள மெய்யில்லாமல் குறி மட்டும் தனியே நிற்கிறது என்று பொருள். பாமினியிலும் தட்டச்சுப் பொறியிலும் கொம்பை முதலில் அடித்துப் பழகிய கை, யூனிகோடின் ஒலிப்பு வரிசை விசைப்பலகையிலும் அதையே செய்யும்போது இது அடிக்கடி வரும்.

8. சீன எழுத்துக்கு ஆயிரக்கணக்குல இடம் கொடுத்தவங்க, நமக்கு 247 இடம் ஏன் கொடுக்கல?

சூடான கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய அரசின் 'இஸ்கி' தரத்தைப் பின்பற்றியது. இஸ்கி எல்லா இந்திய மொழிகளையும் தேவநாகரியின் வரிசையில் அடுக்கியது. அதனால் 'க'வுக்குப் பின் மூன்று இடங்கள் காலி, அதற்குப் பின்தான் 'ங'. 'க', 'த' போன்ற அகர வரிசை போக, மற்ற உயிர்மெய் ஒவ்வொன்றும் எழுத்து, குறி என்று இரண்டு எண்களின் சேர்க்கை. இன்று அந்த முதன்மைப் பகுதியில் தமிழுக்கு 72 குறியிடங்கள் இருக்கின்றன. 2019-இல் பழைய பின்னங்கள், அளவைக் குறிகள் என மேலும் 51 ஒரு துணைப் பகுதியில் சேர்ந்தன.

உயிர்மெய் ஒவ்வொன்றும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் உருவாக்கியதுதான் டேஸ்16. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடோடு அதையும் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. அது யூனிகோடில் யார் வேண்டுமானாலும் சொந்தமாகப் பயன்படுத்திக்கொள்ள விடப்பட்ட பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த உடன்பாடு தெரியாத கருவிக்கு அதுவும் இன்னொரு பாமினிதான். மொழியாய்வு நிரல் எழுதுகிறவர்களுக்கு அதன் ஒழுங்கு வசதி என்பது உண்மை. நீங்கள் கோப்பு சேமிக்கவோ பிறருக்கு அனுப்பவோ யூனிகோடையே பயன்படுத்துங்கள். ஒருமுறை கொடுத்த எண்ணை யூனிகோடு என்றுமே மாற்றுவதில்லை. அதன் குறைகள் திருந்தாததற்கும் அதுதான் காரணம், முப்பது ஆண்டு கழித்தும் கோப்பு திறக்கும் என்று நம்ப முடிவதற்கும் அதுதான் காரணம்.

9. உறுப்பினர் பட்டியலை அகரவரிசைப்படுத்தினா கபிலனுக்கு முன்னாடி கனகா வந்து நிக்கிறாங்க. எது தப்பு?

மென்பொருள் எண் வரிசைப்படி அடுக்கியிருக்கிறது. யூனிகோடில் 'ந'வை அடுத்து 'ன', அதை அடுத்து 'ப'. நம் நெடுங்கணக்கில் 'ன' கடைசி. ஆகவே கண்ணன், கபிலன், கனகா என்று வர வேண்டியது கண்ணன், கனகா, கபிலன் என்று வருகிறது. 'ற'வும் இப்படியே 'ர'வுக்கு அடுத்து வந்துவிடும். மெய்ப்புள்ளியின் எண் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பதால் 'அக்கா'வுக்கு முன் 'அகம்' வரும்.

எட்டாம் பதிலில் சொன்னபடி எண்கள் மாறாது. அதனால் வரிசைப்படுத்துவதற்கென்று யூனிகோடு தனி விதிகளை வைத்திருக்கிறது, தமிழுக்கும் உண்டு. உங்கள் மென்பொருளில் வரிசைப்படுத்தும் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்க இடமிருக்கிறதா பாருங்கள். சொந்தமாகச் செயலி எழுதுகிறவர்கள் ஐசியூ நிரலகத்தைப் பயன்படுத்தினால் சரியாக வரும்.

10. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கு, தேடினா மட்டும் கிடைக்க மாட்டேங்குது. ஔவையார்னு கண்ணு முன்னாடி இருக்கு!

இதுதான் என்னிடம் வரும் கேள்விகளில் மிகவும் தந்திரமானது. 'ஔ' என்பது ஓர் எழுத்து, ஓர் எண். பலர் 'ஒ' அடித்து, அடுத்து 'ள' அடித்து 'ஒளவையார்' என்று எழுதியிருப்பார்கள். திரையில் வேறுபாடு தெரிவதே கடினம், கணினிக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள். 'கௌ'வையும் கொம்பு, 'க', 'ள' என்று அடித்தவர்கள் உண்டு. பாமினி போன்ற எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் இது நிறைய. அங்கே வடிவம் சரியாகத் தெரிந்தால் போதும் என்றிருந்தது. காலுக்குப் பதில் 'ர' அடித்திருந்தாலும் இதே கதை.

'கொ'வில் இன்னொரு விதம். ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், கொம்பு எண், கால் எண் என்று இரண்டாகவும் வைக்கலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது, ஆனால் எல்லாத் தேடல் கருவிகளும் அதை மதிப்பதில்லை. 'ஶ்ரீ'யில் முதலெழுத்து கிரந்த 'ஶ' ஆக இருக்கலாம், 'ஸ' ஆகவும் இருக்கலாம். 'ஶ' யூனிகோடில் சேர்ந்தது 2005-இல்தான். அதற்கு முன் அடித்தவை எல்லாம் 'ஸ' கொண்டவை. எனவே மாற்றி முடித்த கோப்பில் 'ஒள', 'ஸ்ரீ' இரண்டையும் தேடிப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திருத்துவது நல்லது. 'ஒள'வை ஒட்டுமொத்தமாக 'ஔ' ஆக்கிவிடாதீர்கள், 'ஒளி'யும் 'ஒளவை'யோடு சேர்ந்து பாழாகும்.

11. தமிழ்ல எஸ்எம்எஸ் அனுப்பினா ஏன் சீக்கிரம் முடிஞ்சிடுது?

ஓர் எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 16 பிட், ஆகவே 70 குறிகள். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் அதில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி.

12. துதிக்கை வச்ச பழைய 'லை', 'ணை' எல்லாம் யூனிகோடுல எடுத்துட்டாங்களா?

எடுக்கவில்லை. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது மாறியது வடிவம் மட்டுமே. யூனிகோடுக்கு 'லை' என்றால் 'ல'வும் ஐகாரக் குறியும்தான். துதிக்கையோடு வரைவதா, இன்றைய முறையில் வரைவதா என்பது எழுத்துருவின் விருப்பம். பழைய வடிவம் வரைந்த எழுத்துருவைப் போட்டால், கோப்பில் ஓர் எழுத்தும் மாற்றாமல் பழைய தோற்றம் கிடைக்கும்.

13. டிடிபி கடையில யூனிகோடு கொண்டு வராதீங்கன்னு சொல்றாங்களே?

பேஜ்மேக்கரில் வேலை செய்கிற கடையாக இருக்கும். அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது, அதற்கு யூனிகோடு தெரியாது. இன்டிசைனிலும் ஃபோட்டோஷாப்பிலும் பழைய பதிப்புகள் தமிழைச் சிதறடிக்கும். புதிய பதிப்புகளில் 'வேர்ல்ட் ரெடி' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் ஏழாம் பதிலில் சொன்ன கொம்பு நகர்த்தல் ஒழுங்காக நடக்கும். கடைக்காரர் பழைய எழுத்துருவில்தான் செய்வார் என்றால் செய்யட்டும். ஆனால் உங்கள் மூலப் பிரதியை யூனிகோடில் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் திருத்திய பிழைகளை அதிலும் ஏற்றிவிடுங்கள். புத்தகம் வெளியான பிறகு, பிழை திருத்திய பிரதி கடைக்காரரின் கணினியில் மட்டும் இருந்து, கணினி போனதும் அதுவும் போன கதைகளை நிறையக் கேட்டுவிட்டேன்.

14. எந்த ஃபாண்ட்டுல அடிச்சதுன்னே தெரியாது. எப்படி மாத்துறது?

முதலில் கோப்பை நகலெடுத்து, மூலத்தைத் தொடாமல் வையுங்கள். வேர்டு கோப்பு என்றால் திறந்து, சிதைந்த வரியில் கர்சரை வைத்து, மேலே எழுத்துருப் பெயர்ப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். வெறும் உரைக்கோப்பு என்றால் பெயர் இருக்காது. அப்போது எழுத்துகளைப் பார்த்தே ஊகிக்க வேண்டும். சாதாரண ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருந்தால் பாமினி வகை. தலையில் குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக நிறைந்திருந்தால், மேல் பாதியைப் பயன்படுத்தும் திஸ்கி அல்லது டாப் போன்ற வகை.

பிறகு சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியிலோ என்எச்எம் கன்வெர்ட்டரிலோ ஒரே ஒரு பத்தியை ஒட்டி, ஒவ்வொரு குறியாக்கமாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். முக்கால்வாசி சரியாக வந்து சில எழுத்துகள் மட்டும் பிசகினால், நீங்கள் தேர்ந்தெடுத்தது பக்கத்து உறவுக்கார எழுத்துரு. 'ஞ', 'ஙு', 'ணூ', 'ஸ்ரீ', மேற்கோள் குறிகள் ஆகியவற்றில்தான் வேறுபாடு வெளியே வரும். பாமினிக் கோப்பில் இடையிடையே வேறு எழுத்துருவில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றை முதலில் பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் மாற்றி அவற்றையும் தமிழாக்கிவிடும். திஸ்கி, டாப் இரண்டிலும் அந்தக் கவலை இல்லை, காரணம் நான்காம் பதிலில்.

15. எங்கிட்ட பிடிஎஃப் மட்டும்தான் இருக்கு. அதிலிருந்து காப்பி பண்ணினா குப்பையா வருது.

பிடிஎஃப் சேமிப்பது பக்கத்தின் தோற்றத்தை. எந்த வடிவம் எந்த இடத்தில் என்பதே அதற்கு முக்கியம். யூனிகோடில் அடித்த பக்கத்தில்கூடக் கொம்பு திரையில் முதலில் வருவதால், நகலெடுக்கும்போது 'க'வுக்கு முன் கொம்பு வந்து ஏழாம் பதிலில் பார்த்த புள்ளி வட்டம் தோன்றும். பாமினி போன்ற எழுத்துருவில் செய்த பிடிஎஃப் என்றால் நிலைமை சற்று மேல்: பல சமயம் ஆங்கில எழுத்துகள் ஒழுங்காகவே வெளிவரும், அவற்றை மாற்றியில் போட்டால் போதும். பிடிஎஃப் படிப்பானில் ஆவணத்தின் பண்புகளைத் திறந்து, எழுத்துருப் பட்டியலில் பெயரைப் பார்க்கலாம்.

எதுவும் நடக்கவில்லை என்றால், பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் எழுத்துணரி (ஓசிஆர்) இருக்கிறது. டெசராக்ட் இலவசம், கூகுள் டிரைவிலும் அந்த வசதி உண்டு. இரண்டுமே அச்சிட்ட தமிழை இப்போது நன்றாகப் படிக்கின்றன. ர-வும் காலும், ன-வும் ண-வும், 'எ'வும் 'ஏ'வும் மட்டும் குழம்பும். 1978-க்கு முந்தைய வடிவங்களில் அச்சான பக்கம் என்றால் 'றா', 'லை' ஆகியவற்றையும் கூடுதலாகக் கவனியுங்கள். பக்கம் பக்கமாக மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர் திரையைப் பார்த்துச் சரிபார்த்தால் வேலை வேகமாக முடியும்.